கூர்நோக்கு இல்லத்துல கவுன்சிலர் வேலை கிடைச்சிருக்கு, போகலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

கொரட்டூர்கிளி

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி மேற்படிப்பு) முடிச்சு ஒன்றரை வருஷம் ஆகுது, இப்ப ஒரு தொண்டு நிறுவனத்துல இருக்கேன். போன வாரம் ஒரு கூர்நோக்கு இல்லத்துல ஆற்றுப்படுத்துநர் வேலைக்கு செலக்ட் ஆயிருக்கேன்னு லெட்டர் வந்துச்சு. ஒப்பந்த வேலைதான், தொகுப்பூதியம், பர்மனன்ட் எல்லாம் ஆகாதுன்னு முதல்லயே சொல்லிட்டாங்க. எந்த இல்லம்னு இங்க போட வேணாம்னு நெனைக்கிறேன்.

வீட்ல பயங்கர எதிர்ப்பு. அப்பா "உன்னை படிக்க வச்சது ஜெயில்ல ரவுடி பசங்க நடுவுல உக்கார வைக்கவா"ன்னு கேக்குறாரு. ஜெயில் இல்லப்பா, 18 வயசு ஆகாத பசங்க, கேஸ் விசாரணை முடியுற வரைக்கும் தங்குற இடம், இன்னும் தப்பு பண்ணான்னு கூட முடிவாகலன்னு சொன்னா அவருக்கு எல்லாம் ஒண்ணுதான். அம்மா கல்யாணப் பேச்சு எடுக்குற நேரத்துல ஏன்டின்னு அழுவுறாங்க.

ஆனா என் பயம் வேற. படிக்கும்போது ஃபீல்டு ஒர்க்குக்கு இதே மாதிரி ஒரு இடத்துக்கு கொஞ்ச நாள் போனேன். ஒரு பையன் முன்னாடி நாப்பது நிமிஷம் உக்காந்திருந்தேன், அவன் வாயத் தொறந்து கேட்டது ஒரே கேள்வி, "அக்கா எனக்கு எப்ப வாய்தா?" அவ்ளோதான். நான் படிச்ச எந்த தெரபியும் அந்த கேள்விக்கு பதில் சொல்லல. வீட்டுக்கு வந்து அன்னைக்கு நைட்டு சாப்பிடவே முடியல. என்னால முடியுமான்னுதான் தெரியல. உள்ள வேலை பாத்தவங்க யாராவது இருந்தா உண்மைய சொல்லுங்க, ப்ளீஸ்.

மாலைநேரடீ

தங்கச்சி, நான் ஏழு வருஷம் இந்த வேலை பாத்தவன். இப்ப விட்டுட்டேன், ஏன்னு கடைசில சொல்றேன்.

"எப்ப வாய்தா"ன்னு அவன் கேட்டது உங்கள ஒதுக்குறதுக்கு கேட்டதுன்னு நெனச்சிடாதீங்க. உள்ள இருக்குற பையனுக்கு காலண்டர்ல இருக்குறது ரெண்டே நாளு, ஒண்ணு வாய்தா, இன்னொண்ணு வீட்லருந்து பாக்க வர்ற நாளு. அத விட்டுட்டு நீங்க "உன் மனசுல என்ன ஓடுது"ன்னு ஆரம்பிச்சா அவனுக்கு நீங்க இன்னொரு போலீஸ் மாதிரிதான் தெரிவீங்க. நான் முதல் வேலையா ஒரு சின்ன நோட்டுல எல்லா பசங்க வாய்தா தேதியும் எழுதி வச்சிக்க ஆரம்பிச்சேன். நன்னடத்தை அலுவலர்கிட்ட காலைல கேட்டு வச்சிக்குவேன். அவன் கேக்குறதுக்கு முன்னாடி நானே "உனக்கு 14ஆம் தேதிடா, அம்மாவுக்கு தகவல் போயிடுச்சு"ன்னு சொல்லிடுவேன். அதுக்கப்புறம்தான் பேச்சு.

முதல் வாரம் வர்ற பசங்ககிட்ட கவுன்சிலிங்னு ஒண்ணும் பண்ணாதீங்க, உடம்ப பாருங்க. கஞ்சா அடிச்சிட்டிருந்த பையனுக்கு தூக்கம் வராது, சாப்பாடு எறங்காது, தொட்டதுக்கெல்லாம் கோவம் வரும். அத திமிருன்னு எழுதிடுவாங்க. வலி மாத்திரைய கரைச்சு ஊசி போட்டுக்கிட்டிருந்தவனுக்கு உடம்பு முறிச்சு போடும், மூக்கு ஒழுகும், பேதியாகும். தூக்க மாத்திரை தெனம் போட்டுக்கிட்டிருந்த பையன் சட்டுனு நிறுத்துனா வலிப்பே வரலாம், அத கவுன்சிலர் உக்காந்து பேசி சரி பண்ண முடியாது, டாக்டர்கிட்ட உடனே காட்டணும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு கூட்டிட்டு போகணும்னா எஸ்கார்ட்டுக்கு ஆள் இல்லன்னு இழுப்பாங்க, நீங்க விடாம கேக்கணும். எழுத்துல கேளுங்க, தேதி போட்டு, காப்பி வச்சிக்கங்க.

அப்புறம் "ஏன்டா பண்ணே"ன்னு கேக்கவே கேக்காதீங்க. அத போலீஸ் கேட்டாச்சு, அப்பா கேட்டாச்சு, தெருவே கேட்டாச்சு. நான் ஒரு கேரம் போர்டு வாங்கி வச்சேன். கேரம் ஆடும்போது கண்ண பாத்து பேச வேண்டியதில்ல பாருங்க, காய பாத்துக்கிட்டே பேசலாம், அந்த வயசு பசங்களுக்கு அது ரொம்ப முக்கியம். அப்பா குடிச்சிட்டு அடிக்கிறத, அக்கா வீட்ட விட்டு போனத, எட்டாவதோட நின்னது ஏன்னு, எல்லாம் எனக்கு கேரம் போர்டு மேலதான் தெரிஞ்சுது.

ஸ்கூல் விஷயம் தனியா சொல்லணும். கண்ணகி நகர், பெரும்பாக்கம் பசங்க வந்தா ஏரியா பேர வச்சே முடிவு பண்ணிடுவாங்க, எனக்கு அது ஆறாத கோவம். சென்னை சிட்டிக்குள்ள கூவம் ஓரத்துல இருந்த குடும்பத்த இருவது கிலோமீட்டர் தாண்டி அங்க கொண்டு போய் விட்டாங்க, பழைய ஸ்கூலுக்கு பஸ்சு மாறி மாறி போகணும், அம்மா வீட்டு வேலைக்கு விடியக்காலைலயே கெளம்பிடுவாங்க, பையன எழுப்பி அனுப்ப ஆள் கெடையாது. மொதல்ல நாலு நாள் லீவு, அப்புறம் நாப்பது நாளு. அந்த நாப்பது நாள்ல அவன் யாரோட நின்னான்றதுதான் கேஸு. ஊர் மேல ஏன் பழி போடணும்?

மடிப்பாக்கம்வாசி

நான் மாத்தி பேச வந்திருக்கேன், தப்பா எடுத்துக்காதீங்க. 2021ல எங்கம்மா கோயிலுக்கு போயிட்டு வரும்போது பைக்ல வந்த ரெண்டு பசங்க செயின இழுத்தாங்க. அம்மா கீழ விழுந்து தோள்பட்டை எலும்பு ஒடைஞ்சுது, கழுத்துல இன்னும் தழும்பு இருக்கு. அதுக்கப்புறம் அவங்க தனியா தெருமுனை வரைக்கும் கூட போறதில்ல. புடிச்சப்ப ஒருத்தனுக்கு 17 வயசு. அவனுக்கு கேரம் போர்டு, கவுன்சிலிங், எங்கம்மாவுக்கு யாரு கவுன்சிலிங் குடுத்தா? ஒருத்தரும் வந்து எப்படி இருக்கீங்கன்னு கூட கேக்கல. இத கேக்குறதுக்கு எனக்கு உரிமை இருக்குன்னு நெனைக்கிறேன்.

மாலைநேரடீ

முழு உரிமை இருக்கு சார். அம்மாவ யாரும் வந்து பாக்காதது பெரிய தப்பு, நம்ம ஊர்ல பாதிக்கப்பட்டவங்கள சாட்சி சொல்ல மட்டும்தான் கூப்பிடுறாங்க.

ஒண்ணு சொல்றேன். செயின் இழுத்த ஒரு பையன் என்கிட்ட இருந்தான். நடந்தத படமா வரைடான்னு பேப்பர் குடுத்தேன். பைக்க எவ்ளோ அழகா வரைஞ்சான் தெரியுமா, சைலன்சர் வரைக்கும். தெரு இருந்துச்சு, மரம் இருந்துச்சு, அந்தம்மா மட்டும் இல்ல. ஒண்ணும் கேக்கல, பத்திரமா எடுத்து வச்சேன். ரெண்டு வாரம் கழிச்சு அதே பேப்பர எடுத்து, இதுல இன்னும் ஏதாவது இருந்துச்சாடான்னு மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் பென்சில உருட்டிக்கிட்டே இருந்தான். ரோட்டுல ஒத்த செருப்பு ஒண்ணு வரைஞ்சான். "அந்தம்மாது சார், விழுந்துச்சுல்ல"ன்னு சொல்லிட்டு தேம்பித் தேம்பி அழுதான். அன்னைக்குதான் அவன் மனசுல அந்தம்மா ஒரு ஆளா நுழைஞ்சாங்க. அது நடக்காம அவன வெளிய விட்டா அடுத்த செயினும் அவனுக்கு வெறும் செயின்தான். உங்கம்மா மாதிரி இன்னொரு அம்மா விழக்கூடாதுன்னுதான் சார் அங்க உக்காந்திருந்தேன்.

மடிப்பாக்கம்வாசி

படிச்சேன். அம்மாகிட்டயும் படிச்சு காட்டுனேன். ஒண்ணும் சொல்லல, செருப்பு பத்தின வரிய மட்டும் திரும்ப படிக்க சொன்னாங்க.

ஏசிமெக்கானிக்_வியாசை

அக்கா நான் உள்ள இருந்தவன். 2017ல செல்போன் பறிப்பு கேஸு, ரெண்டு மாசம் சொச்சம் இருந்தேன். எனக்கு அப்பா அம்மா கெடையாது, ஆயாதான். ஆயா மீன் விக்கும். என்னைய மனு போட்டு பாக்க வரணும்னா அன்னைக்கு வியாபாரம் போச்சு, அதனால ஆயா வர்ற நாள்ல எனக்கு சந்தோசமும் வரும் மனசு அறுத்துகினும் இருக்கும், ரெண்டும் ஒண்ணா.

நான் இருந்தப்ப ஒரு மேடம் வந்தாங்க, ரொம்ப நல்லா பேசுனாங்க, மொதோ தபா என்கிட்ட யாரோ டேய் போடாம பேசுனது அவங்கதான். அடுத்த வாரம் வரேன்பா, உனக்கு ஒரு புக்கு எட்த்துனு வரேன்னாங்க. நான் கம்பி வாசல்ல போயி போயி பாத்துகினு இருந்தேன். வரவே இல்ல. ஏதோ ப்ராஜெக்ட்டு முடிஞ்சிபோச்சாம், பின்னாடிதான் தெரிஞ்சுது. அவங்க மேல தப்பு இருக்கோ இல்லியோ, அந்த வாரம்தான் நான் கைல கோடு போட்டுகினேன், தழும்பு இன்னும் இருக்குது. இத நான் யாராண்டையும் சொன்னதில்ல, என் வொய்ஃபுக்கு கூட ஏதோ கண்ணாடி கிழிச்சிதுன்னுதான் சொல்லிக்கீறேன்.

அப்பாலிக்கா ஒரு சாரு வந்தாரு, அவரு பெருசா ஒண்ணும் பேச மாட்டாரு. செவ்வாக்கெழமை வரேன்னா செவ்வாக்கெழமை வருவாரு. ஒரு தபா செம மழை, எல்லாரும் இன்னிக்கு வரமாட்டாருன்னு சொன்னாங்கோ, மனுசன் பேன்ட்ட முட்டி வரைக்கும் சுருட்டிகினு வந்து நின்னாரு. வந்து அஞ்சு நிமிசம்தான் இருந்தாரு, அப்பயும் வந்தாரு. நான் வெளிய வந்தப்புறம் ஏரியால எங்க போன் காணாம பூட்டாலும் என்னைய தூக்கிகினு போவாங்கோ, மூணு மாசம் அப்டியே போச்சு, மறுக்கா அதே பசங்களோட சுத்தலாம்னு தோணிச்சு, அந்த நேரத்துல அவருதான் எங்கூட்டு தேடி வந்து ஆயா கைல டீ வாங்கி குட்சிட்டு என்னைய ஒரு ஏசி ஒர்க்‌ஷாப்ல சேத்து வுட்டாரு. இப்ப எனக்கு சொந்தமா கடை இருக்குது.

அதனால அக்கா நீங்க நல்லா பேசுவீங்களான்னுலாம் யோசிக்காதீங்க. வரேன்னு சொன்ன அன்னிக்கு வருவீங்களா? அது முடியும்னா போங்க.

கொரட்டூர்கிளி

அண்ணா, இத எழுதுனதுக்கு ரொம்ப நன்றி. படிச்சு முடிச்சு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன்.

எனக்கு இன்னொரு சந்தேகம். பையன் என்கிட்ட சொல்றத நான் யாருக்கு சொல்லணும், யாருக்கு சொல்லக் கூடாது? இல்லத்து சூப்பிரண்டு கேட்டா? கேஸ விசாரிக்கிற சிறார் நீதி போர்டு கேட்டா? காலேஜ்ல ரகசியம் காக்கணும்னு ஒரு மணி நேர கிளாஸ் எடுத்தாங்க, இந்த மாதிரி இடத்துக்கு அது எப்படி பொருந்தும்னு யாரும் சொல்லல.

கருப்புகவுன்

நான் வக்கீல், சிறார் கேஸ் நிறைய பாக்குறேன், இலவச சட்ட உதவி பேனல்லயும் இருக்கேன். இந்தக் கேள்விய சேர்றதுக்கு முன்னாடியே கேட்டது எவ்வளவு நல்லதுன்னு உங்களுக்கு இப்ப தெரியாது.

முதல்ல போக்சோ. 19ஆம் பிரிவு படி ஒரு குழந்தைக்கு பாலியல் கொடுமை நடந்திருக்குன்னு உங்களுக்கு தெரிய வந்தா புகார் குடுத்தே ஆகணும், மறைச்சா உங்க மேலயே கேஸ் வரும், 21ஆம் பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் தண்டனை. பையன் தனக்கு நடந்ததா சொன்னாலும் அதேதான். அதனால முதல் நாளே, அவன் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே, "நீ சொல்றதுல இதெல்லாம் என்னோடயே இருக்கும், ஆனா உன் உயிருக்கு ஆபத்து, உன்ன யாராவது தப்பா தொட்டது, நீ இன்னொருத்தர ஏதாவது பண்ணப் போறது, இத மட்டும் நான் சொல்லியே ஆகணும்"னு அவனுக்கு புரியுற தமிழ்ல சொல்லிடுங்க.

ரெண்டாவது 15ஆம் பிரிவு, நீங்க ரொம்ப கவனமா இருக்க வேண்டிய இடம். 2015 இளைஞர் நீதிச் சட்டத்துல 16லருந்து 18 வயசுக்குள்ள இருக்குற பையன் கொடுங்குற்றத்துல மாட்டுனா, அதாவது குறைஞ்சபட்ச தண்டனையே ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ இருக்குற குற்றம், அவன பெரியவனா விசாரிக்கணுமான்னு போர்டு முதல்நிலை மதிப்பீடு ஒண்ணு பண்ணணும். செய்யுற மன உடல் திறன் இருந்துச்சா, விளைவு புரிஞ்சுதா, எந்த சூழ்நிலைல நடந்துச்சு, இதெல்லாம் மூணு மாசத்துக்குள்ள பாக்கணும். போர்டுல குழந்தை உளவியல் படிச்சவங்க இல்லன்னா நிபுணர் உதவி கண்டிப்பா வாங்கணும்னு 2022ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. பிரச்சனை என்னன்னா, கைக்கு கிட்ட இருக்குற கவுன்சிலரையே "ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடும்மா"ன்னு கேட்டுடுவாங்க. பையன் உங்கள நம்பி அழுதது எல்லாம் அவன பெரியவனா விசாரிக்க அனுப்புற பேப்பரா மாறிடும். அவன்கிட்ட உக்காந்து பேசுற ஆளும் அவன எடை போடுற ஆளும் ஒரே ஆளா இருக்கக் கூடாது. இது உங்க வேலை இல்லன்னு பணிவா, எழுத்துல, தனி நிபுணர போடச் சொல்லி கேளுங்க. கை நடுங்கும், பரவால்ல, கேளுங்க.

அப்புறம் அவன் மேல இருக்குற கேஸ் விவரம், அன்னைக்கு நைட்டு என்ன நடந்துச்சு, இதெல்லாம் உங்க நோட்டுல எழுதாதீங்க. உங்களுக்கு அது தேவையே இல்ல.

பெயில் பத்தி பெத்தவங்களுக்கு யாரும் சொல்றதில்ல. அதே இளைஞர் நீதிச் சட்டத்து 12ஆம் பிரிவுல ஜாமீன்தான் விதி, குற்றம் ஜாமீன்ல விடக்கூடியதா இல்லையான்னு கூட பாக்க வேண்டியதில்ல. கெட்ட சகவாசத்துல போய் சேருவான், அவனுக்கு ஆபத்து, நீதிக்கு இடைஞ்சல், இந்த காரணம் இருந்தாதான் மறுக்கலாம். ஆனா நடைமுறைல கூட்டிட்டு போக ஆள் வராததாலயே உள்ள இருக்குற பசங்கள நான் பாத்திருக்கேன். வயசு சர்டிபிகேட்டும் அப்படித்தான், ஸ்கூல் சர்டிபிகேட்டோ மாநகராட்சி பிறப்புச் சான்றோ இல்லன்னா எலும்பு டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க, அதுல வயசு முன்ன பின்ன வந்து பையன் வாழ்க்கையே மாறிடும். அந்த அம்மாவுக்கு ஒரு சர்டிபிகேட் எடுத்துக் குடுக்குறதும் நீங்க பண்ற கவுன்சிலிங்தான்னு நான் சொல்லுவேன். வக்கீல் இல்லன்னா இலவச சட்ட உதவி நம்பர் 15100க்கு போன் பண்ணச் சொல்லுங்க.

ஏசிமெக்கானிக் தம்பி, உங்களுக்கும் ஒண்ணு. பாஸ்போர்ட்டு, போலீஸ் வெரிஃபிகேஷன்னு வந்தா அந்த பழைய கேஸ நெனச்சு பயப்படாதீங்க. உங்க மாதிரி சிறார் கேஸால பின்னாடி எந்த தகுதியும் போகாதுன்னு அதே சட்டத்து 24ஆம் பிரிவு சொல்லுது. யாராவது தொந்தரவு பண்ணா எனக்கு தனி மெசேஜ் போடுங்க.

ஏசிமெக்கானிக்_வியாசை

நெஜமாவா மேடம்? ஆறு வருசமா பாஸ்போர்ட்டே அப்ளை பண்ணாம கீறேன் இதுக்கு பயந்துகினு.

அக்காதங்கச்சி

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என் தம்பி போன வருஷம் இதே மாதிரி இடத்துல இருந்தான், 17 வயசு, கூடப் படிச்ச பொண்ண கூட்டிட்டு போயிட்டான், அவளுக்கு 16. போக்சோ. ரெண்டு பேரும் விரும்புனாங்க, அது சட்டத்துக்கு தேவையில்லன்னு சொல்லிட்டாங்க. தம்பி ஒரு வார்த்தை பேசாம சுவத்த பாத்து உக்காந்திருப்பான். அங்க இருந்த கவுன்சிலர் மேடம்தான் எங்கம்மாவ உக்கார வச்சு, அவன பாக்க வரும்போது அழாதீங்க, திட்டாதீங்க, பன்னெண்டாவது புக்கு கொண்டு வாங்கன்னு சொன்னாங்க. புக்கு கொண்டு போனோம். வெளிய வந்தா ஒரு வாழ்க்கை இருக்குன்னு அவனுக்கு அப்பதான் தோணிச்சாம். தங்கச்சி, நீங்க போங்க. உங்கப்பாகிட்ட நான் வேணும்னாலும் பேசுறேன்.

மாலைநேரடீ

வக்கீல் மேடம் சொன்னத ஒரு வரி விடாம பிரிண்ட் எடுத்து வச்சிக்கங்க தங்கச்சி. நான் ஏன் வேலைய விட்டேன்னு சொல்றேன்னு சொன்னேன்ல, அதுவும் இதுலதான் இருக்கு.

என் ரெண்டாவது வருஷம். 14 வயசு பையன். நாலு மாசம் பேசாதவன் ஒரு நாள் "சார் ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சத்தியமா"ன்னான். நானும் சந்தோசத்துல சத்தியம்டான்னு கை மேல அடிச்சேன். அவன் சொன்னது சின்ன வயசுல அவனுக்கு நடந்த கொடுமை. நான் சொல்லித்தான் ஆகணும், சொன்னேன், சட்டப்படி சரியாதான் செஞ்சேன். அடுத்த நாள் போலீஸ் வந்து அவன்கிட்ட கேட்டப்ப அவன் கண்ணு என்னைய தேடிச்சு பாருங்க. அதுக்கப்புறம் அங்க இருந்த வரைக்கும் அவன் என்கிட்ட பேசவே இல்ல. புகார் குடுத்தது தப்பே இல்ல. கைல இல்லாத ஒண்ண சத்தியமா குடுத்தேன், அதுதான் தப்பு. அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் வேலை பாத்தேன், நல்லாவே பாத்தேன், ஆனா தூக்கம் கெட்டுச்சு, பொண்டாட்டி பிள்ளைங்க மேல எரிஞ்சு விழ ஆரம்பிச்சேன், ஒவ்வொரு வருஷமும் கான்ட்ராக்ட் புதுப்பிப்பாங்களான்ற பயம் வேற. என் மனச எறக்கி வைக்க ஒரு ஆள் இல்ல. 2023ல அரசு போட்ட, ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவோட ஒரு நபர் குழு இந்த இல்லங்கள பத்தி அறிக்கை குடுத்தப்ப நான் வெளிய வந்துட்டேன், வீட்ல உக்காந்து செய்தி பாத்துக்கிட்டே அழுதேன்.

நீங்க சேர்ற அன்னைக்கே உங்களுக்குன்னு மூத்தவங்க ஒருத்தர புடிச்சிக்கங்க, மாசம் ரெண்டு தடவ போயி பேசுங்க, காசு குடுத்தாவது. நானே கூட கேக்குறேன், எப்ப வேணா கூப்பிடுங்க.

கொரட்டூர்கிளி

எல்லாருக்கும் பெரிய நன்றி. அப்பாவ உக்கார வச்சு இந்த இழைய முழுசா படிக்க வச்சேன். ஏசிமெக்கானிக் அண்ணா எழுதுனத படிச்சிட்டு "அந்த சாரு மழைல எப்படி வந்தாரு"ன்னு மட்டும் கேட்டாரு. திங்கக்கிழமை சேர்றேன்.

கொரட்டூர்கிளி (நாலு மாசம் கழிச்சு)

மறுபடியும் நான்தான். இன்னும் வேலைல இருக்கேன். வாய்தா நோட்டு போட்டாச்சு. மாலைநேரடீ அண்ணாகிட்ட மாசம் ரெண்டு தடவ பேசுறேன். ரெண்டு தடவ மதிப்பீட்டு ரிப்போர்ட் கேட்டாங்க, எழுத்துல முடியாதுன்னு குடுத்தேன், கை நெஜமாவே நடுங்குச்சு. ஒரு நாள் மட்டும் ஜொரத்துல போக முடியல, போன் பண்ணி, அன்னைக்கு பாக்குறேன்னு சொல்லியிருந்த பையன கூப்பிட சொல்லி நானே சொன்னேன், நாளன்னைக்கு வரேன்னு. போனேன்.

இப்ப ஒரு உதவி வேணும். ஒரு பையன், விவரம் எதுவும் சொல்ல மாட்டேன், அடுத்த மாசம் 18 ஆகுது, கேஸ் முடிஞ்சு வீட்டுக்கு போயிட்டான். எட்டாவது பாஸ். ஒயர்மேன் படிக்கணும்னு ஆசை. ஐ.டி.ஐ. அட்மிஷன் எப்படின்னு தெரிஞ்சவங்க யாராவது? டி.சி. பழைய ஸ்கூல்ல இருக்கு, நாலு தடவ அம்மா போயிட்டு வெறுங்கையோட வந்துட்டாங்க.

கருப்புகவுன்

டி.சி.ய என்கிட்ட விடுங்க. அம்மாவ எனக்கு போன் பண்ண சொல்லுங்க, லெட்டர் போட்டு நானே வாங்குறேன்.

ஏசிமெக்கானிக்_வியாசை

அக்கா கிண்டி ஐ.டி.ஐ.ல விசாரிக்கலாம், அம்பத்தூர்லயும் இருக்குது, எட்டாவதுக்கு ஒயர்மேன் ட்ரேடு குடுப்பாங்கோ. அவனுக்கு ஓகேன்னா நானே கூட்டிகினு போறேன். யாரு எவருன்னு எனக்கு தேவையில்ல, அம்மாவும் வரட்டும். வர்ற செவ்வாக்கெழமை காலைல பத்து மணி, கிண்டி ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன்.